அட்டையில் ஒரு பெயர்

1842-ஆம் வருஷம், ஜூலை மாதம். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை. விக்டோரியா மகாராணிக்கு அப்போது 23 வயது. ஜெர்மனியின் பெரிய சங்கீதக்காரரான ஃபெலிக்ஸ் மெண்டல்ஸன் அவளைப் பார்க்கப் போயிருந்தார். ராணிக்கு நன்றாகப் பாட வரும். மெண்டல்ஸனின் முதல் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒன்றைப் பாடுவதென்று ஏற்பாடாயிற்று. ஆனால் அந்த அறையில் ஒரு கிளிக்கூண்டு இருந்தது. “நான் பாடுவதற்குமேல் அது கத்தும்” என்று ராணிக்குக் கவலை. கடைசியில் மெண்டல்ஸனே அந்தப் பெரிய கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தாராம். இதையெல்லாம் அவர் தம் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் சுவையாக வர்ணித்திருக்கிறார்.

ராணி புத்தகத்தைப் புரட்டி, ‘இத்தாலி’ என்ற பாட்டைத் தேர்ந்தெடுத்தாள். சுருதி பிசகாமல், தாளம் தவறாமல் பாடி முடித்தாள். மெண்டல்ஸனுக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. அந்தப் பாட்டு அவருடையது அல்ல. அவருடைய தமக்கை ஃபான்னி இயற்றியது. புத்தகத்தின் அட்டையில் தம்பியின் பெயர்தான் இருந்தது. பன்னிரண்டு பாட்டுக்களில் மூன்று தமக்கையுடையவை. அடுத்த புத்தகத்திலும் மூன்று. உண்மையை ஒப்புக்கொள்வது கஷ்டமாகத்தான் இருந்தது என்று அவர் எழுதுகிறார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். பிறகு, “என்னுடையது என்று சொல்லக்கூடியதாக ஒன்று பாடுங்கள்” என்று ராணியைக் கேட்டுக்கொண்டார். ராணியும் பக்கத்தைத் திருப்பி வேறு பாட்டுப் பாடினாள்.

ஃபான்னி தன் சொந்தப் பெயரில் முதல் புத்தகத்தை வெளியிட்டது 1846-இல். அடுத்த வருஷம் மே மாதத்தில், 41 வயதில், அவள் இறந்துபோனாள்.

நமது சங்கீதத்தில் சாகித்யகர்த்தாவின் முத்திரை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது; சரணத்தைப் பாடுகிறவர் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது. ஐரோப்பிய சங்கீதத்தில் அப்படி இல்லை. அங்கே பெயர் பாட்டுக்கு வெளியே, அச்சடித்த பிரதியின் அட்டையில் நிற்கிறது. அட்டையில் நிற்கிற பெயரை மாற்றலாம், குறைக்கலாம், கிழித்தும் எறியலாம்.

இந்தக் கதை நினைவுக்கு வருவதற்குக் காரணம், மேல்நாடுகளில் இப்போது நடக்கும் ஒருவகைக் கச்சேரி. புல்லாங்குழல் ஒன்று, பியானோ ஒன்று. மேடையில் இரண்டே பேர். வாசிக்கிற உருப்படிகள் எல்லாம் பெண்கள் இயற்றியவை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் பெரும்பாலும் சில பிரெஞ்சுப் பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஷாமினாத், மெல் போனிஸ், லிலி பூலாஞ்சே, தாய்ஃபேர். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, “இனிமையாக இருந்தது” என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அந்த நான்கு பெயர்களும் நிரலில் வந்து நிற்பதற்கு என்ன விலை கொடுத்தன என்று தெரிந்துகொண்டால், கேட்கிற காதும் கொஞ்சம் மாறித்தான் போகும்.

முதலில் ஒரு கேள்வி. ஏன் குழலும் பியானோவும்? ஏன் பாரிஸ்?

பியானோவுக்குப் பதில் சுலபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் வசதியுள்ள வீட்டுக் கூடத்தில் பியானோ ஒரு தட்டுமுட்டுச் சாமான் மாதிரி. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது ஒரு லட்சணம். அதற்குமேல் தெரிந்துகொண்டால்தான் ஆபத்து.

குழலின் கதை வேறு. ஜெர்மனியில் தியோபால்ட் போயம் என்பவர் பழைய மரக்குழலைத் திருத்தி, 1847-இல் உலோகத்தில் ஒரு புதுக் குழலைச் செய்தார். துவாரங்களை விரலால் நேரே மூடாமல், சாவிகளை அழுத்தி மூடும் ஏற்பாடு. ஸ்வரங்கள் எல்லாம் ஒரே சீராக, கணீரென்று பேசின. பாரிஸ் சங்கீதக் கலாசாலை 1860-இல் இந்தக் குழலை ஏற்றுக்கொண்டது. 1893-இல் பால் தஃபனேல் அங்கே குழல் ஆசிரியரானார். அவரிடம் படித்து வெளியே வந்தவர்கள் உலகமெங்கும் போய் வாசித்தார்கள். நல்ல வித்வான்கள் பெருகினால் புது உருப்படிகளுக்குப் பசி எடுக்கும் அல்லவா? அந்தப் பசிதான் பெண்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது.

ஏனென்றால் மற்ற வாசல்கள் அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. ஒரு ஸிம்பனி எழுதினால் அதை வாசிக்க எண்பது பேர் வேண்டும், ஒரு மண்டபம் வேண்டும், கைக்கோலை வீசி நடத்த ஒருவர் வேண்டும், இத்தனைக்கும் பணம் போட ஒரு சங்கம் வேண்டும். குழலுக்கும் பியானோவுக்கும் எழுதினால் வீட்டுக் கூடம் போதும். ஒரு சிநேகிதரைக் கூப்பிட்டால் போதும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. லூயீஸ் ஃபாராங்க் என்ற அம்மாள் 1804-இல் பாரிஸில் சிற்பிகளின் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழாம் வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு புல்லாங்குழல் வித்வான்; பிற்பாடு கச்சேரியை விட்டுவிட்டு சங்கீதப் பிரசுரத் தொழிலில் இறங்கி, மனைவியின் உருப்படிகளையும் அச்சிட்டார். 1842-இல் லூயீஸ் அதே கலாசாலையில் பியானோ ஆசிரியரானார். முப்பது வருஷத்துக்குமேல் அந்த உத்தியோகத்தில் இருந்தார். ஆனால் அதே வேலை பார்த்த ஆண் ஆசிரியர்களுக்குக் கொடுத்த சம்பளம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

1850-இல் ஒன்பது வாத்தியங்களுக்காக அவர் எழுதிய உருப்படி அரங்கேறியது. பின்னால் உலகப் புகழ்பெற்ற யோவாக்கிம் அன்று 18 வயதுப் பையன். அவன்தான் பிடில் வாசித்தான். நகரமே பேசியது. லூயீஸ் அந்தப் பேச்சு ஆறுவதற்குள் கலாசாலைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது. அதற்கு எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் மூன்று ஸிம்பனிகள் எழுதினார். மூன்றாவது 1849-இல் பாரிஸிலேயே வாசிக்கப்பட்டது. ஆனால் அவர் ஜீவித்திருந்த காலத்தில் மூன்றில் ஒன்றுகூட அச்சேறவில்லை. பெண்கள் சின்ன உருப்படிகளைத்தான் விரும்பி எழுதினார்கள் என்று யாராவது சொன்னால், இந்த மூன்று ஸிம்பனிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆசை சின்னதாக இருக்கவில்லை. அகப்பட்ட இடம்தான் சின்னது.

இனிக் கச்சேரிக்கு வருவோம். நிரலில் அநேகமாகத் தவறாமல் இருப்பது செசீல் ஷாமினாதின் ‘கான்செர்ட்டினோ’. 1857-இல் பிறந்த இவளுடைய திறமையைச் சின்ன வயதிலேயே பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். கலாசாலையில் சேர்க்கலாம் என்றார்கள். தகப்பனார் சம்மதிக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் அங்கெல்லாம் போய்ப் படிப்பதா என்பது அவர் கட்சி. அந்தக் கலாசாலை ஆசிரியர்களிடமே தனியாகப் படிப்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1887-இல் தகப்பனார் காலமானார். அதன்பின் ஷாமினாத் வாசித்தும் எழுதியும் சம்பாதிக்க வேண்டியவளானாள். வீட்டுப் பியானோவில் வாசிக்கத் தகுந்த சின்ன உருப்படிகளும் பாட்டுக்களும் நன்றாக விற்றன. அவற்றையே நிறைய எழுதினாள். மொத்தத்தில் சுமார் 400 உருப்படிகள்.

விமர்சகர்களின் நீதி விசித்திரமானது. அவள் வாத்தியக் கோஷ்டிக்காகப் பெரிதாக எழுதினால், பெண்ணுக்கு இத்தனை மிடுக்கு ஆகாது என்றார்கள். சின்னதாக எழுதினால், பெண்ணின் எழுத்துத்தானே, நளினத்துக்குமேல் என்ன இருக்கும் என்றார்கள். கலாசாலைத் தலைவராக இருந்த ஆம்ப்ருவாஸ் தோமா, இவள் சங்கீதம் எழுதுகிற பெண்ணல்ல, பெண்ணாய்ப் பிறந்துவிட்ட சங்கீதகர்த்தா என்ற பொருளில் பாராட்டியதாகச் சொல்வார்கள். பாராட்டுத்தான். ஆனாலும் அதற்குள் ஒரு முள் இருக்கிறது.

எந்தக் கலாசாலைக்குப் போகக் கூடாது என்று தகப்பனார் தடுத்தாரோ, அந்தக் கலாசாலையே 1902-இல் அவளிடம் வந்தது. குழல் வகுப்புப் பிள்ளைகளின் வருஷப் பரீட்சைக்கு ஓர் உருப்படி வேண்டும் என்றது. அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கான்செர்ட்டினோ. எட்டு நிமிஷ உருப்படி. தொடக்கத்தில் நிதானமாக, கம்பீரமாக ஒரு ராகம் விரிகிறது; போகப் போகக் குழலின் கீழ்ஸ்தாயி முதல் மேல்ஸ்தாயி வரை விரல்கள் ஓடுகின்றன; நடுவில் பியானோ ஒதுங்கிக்கொள்ள, குழல் தனியாகத் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது; பிறகு முதலில் வந்த ராகம் திரும்புகிறது. அன்றிலிருந்து இன்று வரை குழல் பயில்கிறவர்கள் இதைக் கடக்காமல் மேலே போவது அரிது.

இதைப்பற்றி ஒரு கதை உலவுகிறது. ஷாமினாத் ஒரு குழல் வித்வானைக் காதலித்தாளாம்; அவன் கைவிட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டானாம்; அவனால் வாசிக்க முடியாதபடி கடினமாக ஓர் உருப்படி எழுதிப் பழிதீர்த்தாளாம். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கலாசாலை கேட்டது, எழுதினாள். ஓர் ஆண் பரீட்சைக்காகக் கடினமான உருப்படி எழுதினால் அது வித்தை. பெண் எழுதினால் மட்டும் அதற்குப் பின்னால் ஒரு காதல் தோல்வி இருந்தாக வேண்டும் என்று நம் மனம் தேடுகிறது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் அந்தக் கதை பிடிக்கத்தான் செய்கிறது. அதனாலேயே அதை நம்பக் கூடாது என்று தோன்றுகிறது.

1913-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவளுக்கு ‘லீஜியன் ஆஃப் ஆனர்’ விருது கொடுத்தது. சங்கீதம் இயற்றிய பெண்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவள்தான். 1944-இல் மான்டி கார்லோவில் இறந்தபோது அவளை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தார்கள்.

நிஜமாகவே ஒரு காதல் தோல்வி நிரலில் இருக்கிறது. ஆனால் அதைப்பற்றி அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. மெலனி போனிஸ் 1858-இல் பாரிஸில் பிறந்தவள். ஷாமினாதுக்குச் சில மாதங்கள் இளையவள். சாதாரணக் குடும்பம், பக்தி மிகுந்த வீடு. பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஸெஸார் ஃபிராங்க் என்ற பெரியவரின் சிபாரிசில் கலாசாலைக்குள் நுழைந்தாள். டெபுஸியும் அங்கே அப்போது மாணவர். பாட்டு வகுப்பில் ஹெட்டிச் என்றொரு இளைஞன், கவிதையும் எழுதுவான். அவன் எழுதினான், இவள் மெட்டமைத்தாள். கல்யாணம் செய்துகொள்ள இஷ்டப்பட்டார்கள். பெற்றோர் மறுத்ததோடு நிற்கவில்லை; 1881-இல் பெண்ணைக் கலாசாலையை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

1883-இல் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை தொழிலதிபர்; அவளைவிட 25 வயது மூத்தவர்; இருமுறை மனைவியை இழந்தவர்; ஐந்து பிள்ளைகள். சங்கீதத்தில் அவருக்கு ருசி இல்லை. அவளுக்கும் மூன்று குழந்தைகள் பிறந்தன. பெரிய வீட்டு நிர்வாகத்தில் வருஷங்கள் ஓடின. பிறகு ஒருநாள் ஹெட்டிச்சை மறுபடி சந்தித்தாள். “எழுது” என்று அவன்தான் தூண்டினான். பதிப்பாளரிடமும் அறிமுகம் செய்துவைத்தான். மறுபடி எழுதத் தொடங்கினாள். 1899-இல் அவளுக்கு ரகசியமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. முன்பு வீட்டில் வேலை செய்த ஒருத்தியிடம் அதை ஒப்படைத்தாள். தாயின் பெயர் தெரியாமலே அந்தக் குழந்தை வளர்ந்தது.

தன் சங்கீதத்துக்கும் அவள் முழுப் பெயரைக் கொடுக்கவில்லை. மெலனி என்பதைப் பாதியாய் வெட்டி ‘மெல்’ என்று போட்டுக்கொண்டாள். அட்டையைப் பார்க்கிறவர்களுக்கு எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. 1904-இல் அந்தப் பெயரில் வந்ததுதான் குழலுக்கும் பியானோவுக்குமான ஸொனாட்டா. தஃபனேலின் மாணவர் லூயி ஃப்ளூரிக்கு அது சமர்ப்பணம். நான்கு பகுதிகள். மூன்றாவது, மெதுவாக நடக்கும் பகுதி. அதில் குழல் பேசுவதும் பியானோ கேட்பதும், பிறகு பியானோ பேசுவதும் குழல் மௌனமாவதும், ஒரு வீட்டில் வெளியே சொல்ல முடியாத விஷயத்தை இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி இருக்கும். சற்று முன்னால்தான் கதையை நம்பக் கூடாது என்றேன். இங்கே நானே நம்பிவிடுகிறேன்!

அவளுடைய பியானோக் குவார்ட்டெட்டைக் கேட்டுவிட்டு, ஒரு பெண்ணால் இப்படி எழுத முடியும் என்று நினைத்ததே இல்லை என்று ஸேன்-ஸான்ஸ் வியந்ததாக எழுதியிருக்கிறார்கள். வெட்டிக்கொண்ட பெயர் எவ்வளவு தூரம் உபயோகப்பட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

பிற்பாடு அந்த மறைத்து வளர்த்த பெண்ணை ஞானத்தாய் என்ற உறவு சொல்லித் தன் வீட்டுக்கே அழைத்து வந்தாள். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அந்த வீட்டு மகனும் அந்தப் பெண்ணும், தாங்கள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அறியாமல், ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கினார்கள். தாய் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் அவள் உடம்பும் மனசும் தளர்ந்துவிட்டன. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. சுமார் 300 உருப்படிகளை விட்டுவிட்டு 1937-இல் இறந்தாள். குடும்பத்தின் பிற்காலத் தலைமுறையினர் அவற்றைத் தேடி எடுத்துப் பதிப்பித்த பிறகே உலகம் அந்தப் பாதிப் பெயரை முழுசாகத் தெரிந்துகொண்டது.

மூன்றாவது பெயர் மறைக்கப்படவில்லை. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. லிலி பூலாஞ்சே 1893-இல் பிறந்தாள். அப்போது தகப்பனாருக்கு 77 வயது! அவரும் சங்கீதகர்த்தா, இளமையில் ‘ரோமாபுரிப் பரிசு’ பெற்றவர். பிரெஞ்சு தேசத்தில் சங்கீதம் படித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய பரிசு இருக்கவில்லை. பெண்கள் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள 1903-இல்தான் அனுமதி வந்தது. லிலியின் தமக்கை நாதியா முயன்றாள்; 1908-இல் இரண்டாம் தரப் பரிசுதான் கிடைத்தது. லிலிக்கோ இரண்டு வயதில் நிமோனியா வந்ததிலிருந்து உடம்பே சரியில்லை. 1912-இல் போட்டிக்குப் போனவள் நோயால் பாதியில் திரும்பினாள். 1913-இல் மறுபடி போனாள். முதற்பரிசை வென்றாள். அதைப் பெற்ற முதல் பெண். வயது 19.

கச்சேரிகளில் வாசிக்கப்படும் அவளுடைய ‘நாக்டர்ன்’ 1911-இல் எழுதியது. இன்னொன்று, ‘வசந்தகாலக் காலை ஒன்று’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்டது. பியானோ சின்னச் சின்ன அடிகளாகத் துள்ளிக்கொண்டு முன்னே ஓடும்; குழல் அதன்மேல் பளிச்சென்று வெளிச்சம் போல் விழும். சிரிப்பும் குறும்புமாக ஐந்து நிமிஷம். எழுதின காலம் 1917-18. ஐரோப்பாவில் யுத்தம். அவள் படுத்த படுக்கை. அதே சமயத்தில், அதே கருவை வைத்து, ‘துயர மாலை ஒன்று’ என்று இன்னோர் உருப்படியும் எழுதினாள். கடைசியாக எழுதியதைத் தன் கையால் எழுதச் சக்தியில்லை; அவள் சொல்லச் சொல்லத் தமக்கை எழுதிக்கொண்டாள். 1918 மார்ச் 15-ஆம் தேதி லிலி இறந்தாள். வயது 24.

நாதியா பின்னர் சொந்தமாக எழுதுவதையே விட்டுவிட்டாள். தன் எழுத்துப் பயனற்றது, தங்கையினுடையதுதான் எழுத்து என்று தீர்மானித்துவிட்டாள். 1979 வரை வாழ்ந்து, ஆரோன் காப்லண்ட், பியாஸொல்லா, ஃபிலிப் கிளாஸ் முதலிய எத்தனையோ பேருக்கு ஆசிரியையாக இருந்தாள். தங்கையின் பெயர் அழியாமல் பார்த்துக்கொண்டாள். தன் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நான்காவது பெயர் ஜெர்மேன் தாய்ஃபேர். 1892-இல் பிறந்தபோது குடும்பப் பெயர் தாய்ஃபெஸ். மகள் சங்கீதம் படிப்பதைத் தகப்பனார் கடுமையாக எதிர்த்தார். தாய் மறைமுகமாக உதவினாள். பெண் கலாசாலையில் பரிசுமேல் பரிசு வாங்கினாள். தனக்கு உதவாத தகப்பனின் பெயர் தன் சங்கீதத்துக்கு எதற்கு என்று எழுத்துக்களை மாற்றிப் புதுப் பெயர் வைத்துக்கொண்டாள். 1920-இல் பாரிஸின் இளம் சங்கீதகர்த்தாக்கள் ஆறு பேரை ஒரு விமர்சகர் ‘அறுவர்’ என்று கூட்டிப் பேசினார். அந்த ஆறில் இவள் ஒருத்திதான் பெண்.

1942-இல் யுத்தம் அவளை அமெரிக்காவுக்குத் துரத்தியது. அந்த வருஷத்தில்தான் குழலுக்கும் பியானோவுக்குமாக ஒரு சின்ன ‘பாஸ்டொரால்’ எழுதினாள். 1972-இல், எண்பது வயதில், அதே இரண்டு வாத்தியங்களுக்கு ‘ஃபோர்லான்’ என்று ஒரு நாட்டிய உருப்படி. அதற்குப் பிறகும் பாரிஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் ஆடுவதற்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்தாள். 1983-இல் சாகும்வரை எழுதினாள்.

“அதெல்லாம் சரி; சங்கீதத்தில் ஆண் பெண் என்ன? பெண்களுக்கென்று தனிப் பந்தி போடுவது மரியாதையா, அவமரியாதையா?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனிப் பந்தி என்றைக்குமே தனிப் பந்தியாக இருந்துவிட்டால் அது மரியாதை ஆகாது. ஆனால் பொதுப் பந்தியில் இலை போடாமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டு, இன்று தனியாகப் பரிமாறுகிறார்களே என்று குறைப்படுவதும் அழகல்ல. ஃபாராங்க் அம்மாள் சம சம்பளம் கேட்டபோது தனி வகுப்புக் கேட்கவில்லை. தன் பெயருக்கு நேரே எழுதியிருந்த தொகையைத் திருத்தச் சொன்னார், அவ்வளவுதான். இந்தக் கச்சேரிகளும் ஒரு திருத்தம். திருத்தம் முடிந்தபின் அவை தேவைப்படாமல் போகலாம். போகட்டும்.

அன்று அரண்மனையில் ராணி பாடின பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அது யாருடையது என்று தெரிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். நூறு வருஷத்துக்குமேல் திருப்பியே கிடந்த பக்கம் அது. இப்போது குழலும் கையுமாக ஒருவர், பியானோவின் முன்னால் ஒருவர், இரண்டு பேர் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கேட்பதற்கு முன்னால், அட்டையில் உள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும்.